அடங்காதவள் என்று எழுதிக் கொடுத்தோம்

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டிவந்த தாய்மாருக்குத் துணையாகக் கோல சிலாங்கூருக்குப் போயிருக்கிறேன். அங்கே கண்டது புரியாமல்தான் பழைய சட்டங்களைத் தேடிப் படித்தேன்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை லயத்தை விட்டு ஓடிப்போனால் கங்காணியும் தண்டலும் கோயில் வாசலில் விசாரிப்பார்கள். யாருக்குப் பயந்து ஓடினாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. குடும்ப மானம்தான் பேச்சு. பேயறைந்தவள் போல இருந்தால் பூசாரியிடம் மந்திரித்துவிடுவார்கள். டாக்டர் என்றாலே பயம். பேராவில் 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பேர் அடிபட்டால் அப்புறம் கல்யாணம் ஏது?

1947-இல் சிறார் நீதிமன்றச் சட்டம் வந்தது. 1973-இல் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டம். இவற்றையும் 1991-இன் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒன்றாக்கியது 2001-இன் குழந்தைகள் சட்டம். அதன் 46-வது பிரிவு, பிள்ளை கட்டுக்கு அடங்கவில்லை என்று பெற்றோரே கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க வழி வைத்தது. குற்றம் எதுவும் செய்யாத பிள்ளையையும் அப்படி நன்னடத்தைப் பள்ளிக்கோ விடுதிக்கோ அனுப்ப முடிந்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டு, ஜனங்கள் பிளாட் வீடுகளுக்குக் குடிபோன காலம் அது. அம்மா ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். வீட்டுக்குள்ளேயே ஒருவன் தொந்தரவு கொடுத்தான் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளை, ஸ்கூலுக்கு மட்டம் போட்டாள், ஓடினாள். ஓடியது மட்டும் கோர்ட்டுப் பேப்பரில் ஏறியது. காயம்பட்டவளே பூட்டிய கதவுக்குள் போனாள்.

விடுதியிலிருந்து திரும்பிய ஒரு பிள்ளை, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. தழும்பைப் பார்த்துவிட்டேன். "சாகறதுக்கு இல்ல டீச்சர். யார்கிட்ட சொல்றது?" என்றாள்.

சொல்லவும் பயம்தான். தற்கொலை முயற்சிக்குக் குற்றவியல் சட்டத்தின் 309-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை இருந்தது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது வேறு, சாக நினைப்பது வேறு. போலீஸ் அப்படிப் பிரித்துப் பார்க்குமா என்று பிள்ளைக்கு என்ன தெரியும்? அந்தப் பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. சிறையில் இருக்கும் பெண்களுக்கான ஐ.நா.வின் பாங்காக் விதிகளோ, தற்கொலையையும் சுயகாயத்தையும் தடுக்க மனநல உதவி வேண்டும் என்று 2010-லேயே சொல்லிவிட்டன.

கங்காணி போய் மாஜிஸ்திரேட் வந்தார். பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி மட்டும் எப்போதும் கடைசியில்தான் வந்தது. பெற்றவர்களே, எழுதிக் கொடுக்குமுன் அதை நீங்கள் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.