எல்லா போட்டோவிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளியா? கேமரா சென்சாரை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

கல்யாணத்தில் எடுத்த அத்தனை போட்டோவிலும் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி. லென்ஸை மாற்றியும் போகவில்லையா? அப்படியானால் தூசி இருப்பது சென்சாரில்தான். சிப்காட்டும் ஜவுளித் தொழிலும் உள்ள பெருந்துறை போன்ற ஊர்களில், லென்ஸ் மாற்றும் சில நொடிகளிலேயே பஞ்சுத் தூசி உள்ளே புகுந்துவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/16 வைத்து, மேனுவல் ஃபோகஸில் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் படமெடுங்கள். கை லேசாக அசைந்தாலும் பரவாயில்லை. போட்டோவில் மேலே தெரியும் புள்ளி, சென்சாரில் கீழே இருக்கும்.

சுத்தம் செய்வது எப்படி?

பேட்டரியை முழுசா சார்ஜ் செய்து, ஃபேனை நிறுத்துங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் சென்சார் கிளீனிங் மோடுக்குச் செல்லுங்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோவரால் காற்றடித்தாலே பெரும்பாலான தூசி உதிர்ந்துவிடும். வாயால் மட்டும் ஊதிடாதீங்க. எச்சில் தெறித்தால் கறை படியும். ஸ்ப்ரே கேனும் வேண்டாம்.

அப்படியும் போகலைன்னா?

ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ., ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ. ஸ்வாப் வாங்குங்கள். ஓரிரு சொட்டு சென்சார் கிளீனர் விட்டு, அழுத்தாமல் ஒருமுறை இழுங்கள். அதே ஸ்வாப்பை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பிறகு சுவரை மீண்டும் படமெடுத்துப் பாருங்க. கை நடுங்கினால் சர்வீஸ் சென்டரே நல்லது; கீறல் விழுந்தால் செலவு பல மடங்கு.