திரைக்கு வெளியே நட்பு: 1985-ல் ஒரு டாக்டர் தொடங்கி வைத்த கதை

1/ ஆன்லைன் நட்பு ஃபேஸ்புக்கில் ஆரம்பித்தது என்று நினைக்கிறீங்களா? அதற்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னாடியே இது நடந்திருக்கு. தொடங்கியவர்களில் ஒருத்தர் டாக்டர்!

2/ அவர் பெயர் லாரி பிரில்லியன்ட். 1970-களில் இந்தியாவில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் இருந்தவர். 1985-ல் ஸ்டூவர்ட் பிராண்டுடன் சேர்ந்து 'தி வெல்' என்ற கணினி உரையாடல் தளத்தைத் தொடங்கினார். இடம்: சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் சாசலிட்டோ.

3/ அப்போ மோடம் வழியாக டெலிபோன் லைனில்தான் உள்ளே போகணும். தூரத்திலிருந்து கூப்பிட்டால் பில் எகிறும். அதனால் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தச் சுற்றுவட்டாரத்துக்காரங்க. விஷயமே இங்கதான் இருக்கு.

4/ பக்கத்து ஊர் என்பதால் நேரில் சந்திக்க முடிந்தது. திரையில் வாதாடியவர்கள் விருந்துகளில் கைகுலுக்கினார்கள். ஓர் உறுப்பினரின் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றபோது ஆறுதல் குவிந்தது. கல்யாணத்துக்கும் போனார்கள், இறுதிச் சடங்குக்கும் போனார்கள். ஹோவர்ட் ரைன்கோல்ட் 1993-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

5/ இன்று தூரம் ஒரு தடையே இல்லை. குரூப்பில் ஐந்நூறு பேர் இருக்காங்க. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவர யார் இருக்கா? 2023-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி, தனிமை உடல்நலத்தையே கெடுக்கும் என்று தனி அறிக்கை வெளியிட்டார்.

6/ குரூப்பை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. அதில் உங்க ஊர்க்காரர் யாருன்னு பாருங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்குக் கூப்பிடுங்க. மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது.