கோ-கோ: பள்ளிகள் வளர்த்த விளையாட்டு

கோ-கோ, இரு அணிகள் ஆடும் இந்திய மரபு விளையாட்டு. கபடியைப் போலவே இதற்கும் பந்தோ மட்டையோ தேவையில்லை. மகாராஷ்டிரத்தில் விதிமுறை பெற்று, பள்ளிகளின் வழியே நாடெங்கும் பரவியது.

ஆடும் முறை

ஆடுகளம் 27 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்டது. நடுப்பாதையின் இரு முனைகளிலும் கம்பங்கள் நடப்பட்டிருக்கும். 12 பேர் கொண்ட அணியில் 9 பேர் துரத்தக் களமிறங்குவர். அவர்களில் 8 பேர் நடுப்பாதைக் கட்டங்களில், அடுத்தடுத்தவர் எதிரெதிர்ப் பக்கம் பார்க்குமாறு குந்தியிருக்க, ஒன்பதாமவர் துரத்துவார். எதிரணியினர் மும்மூவராக உள்ளே வருவர்.

ஓடுபவர் எந்தப் பக்கமும் பாயலாம். துரத்துபவரோ கம்பங்களுக்கு இடையே நடுப்பாதையைக் கடக்கக்கூடாது. எடுத்த திசையை மாற்றவும் கூடாது. ஆகவே எதிரி மறுபக்கம் தாவியதும், குந்தியிருக்கும் தோழரின் முதுகைத் தட்டி 'கோ' என்று குரல் கொடுத்து, அவருடைய இடத்தில் தாம் அமர வேண்டும். தட்டப்பட்டவர் எழுந்து துரத்துவார். எவ்வளவு வேகமான பிள்ளையும் தக்க நேரத்தில் தன் முறையை விட்டுக்கொடுத்தால்தான் அணி வெல்லும். பள்ளியில் இதைக் கற்பிப்பதன் பெரும் பயன் அதுவே.

வரலாறு

நாட்டுப்புறத்தில் வழங்கிவந்த ஆட்டத்துக்கு 1914இல் புனேயின் டெக்கான் ஜிம்கானா விதிகள் வகுத்தது. களத்தின் அளவும் ஆட்ட நேரமும் வரையறுக்கப்பட்டதால், ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த ஆட்டத்தை ஒரே முறையில் போட்டியாக நடத்த வழி பிறந்தது. முதல் தேசியப் போட்டி 1959-60இல் விஜயவாடாவில் நடந்தது. பெண்களுக்கான போட்டி மறு ஆண்டே கோலாப்பூரில் தொடங்கியது. 1970இல் சுதீர் பரப், 1971இல் அசலா தேவரே ஆகியோர் கோ-கோவுக்காக அர்ஜுனா விருது பெற்றனர்.

பள்ளிகளில்

சுண்ணாம்புக் கோடும் இரண்டு கம்பங்களும் போதும் என்பதால், விளையாட்டுக் கருவி வாங்க வசதியில்லாத பள்ளிகளிலும் கோ-கோ வேரூன்றியது. அதைப் பிள்ளைகளிடம் சேர்த்தவர்கள் உடற்கல்வி ஆசிரியர்கள். தெற்கே அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் பணியில், ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி முன்னோடி. தமிழகப் பள்ளி அணிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக மோதுகின்றன. மாணவர், மாணவியர் என இரு பிரிவுகளிலும் போட்டி உண்டு. 2018இல் டெல்லியில் நடந்த முதல் கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகளிலும் கோ-கோ இடம்பெற்றது.

இன்றைய நிலை

2016 தெற்காசிய விளையாட்டுகளில் கோ-கோ பதக்கப் போட்டியானது. 2022இல் 'அல்டிமேட் கோ-கோ' தொடர் தொடங்கியது. அதில் தமிழகத்தின் சார்பில் சென்னை குயிக் கன்ஸ் அணி ஆடியது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையில் இந்திய மகளிர் நேபாளத்தை 78-40 என்றும், ஆடவர் 54-36 என்றும் வென்று இரு கோப்பைகளையும் கைப்பற்றினர்.

மண் தரையில் பிறந்த ஆட்டம் இன்று உள்ளரங்கப் பாய்விரிப்புக்கு வந்துவிட்டது. அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்கள் பள்ளிகளிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் வேண்டும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நிற்க வேண்டும்.