பேரும் படியும்

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றின் இஸ்தோப்பில் கைப்பேசியும் கையுமாக மாயலோகப் போரொன்றில் ஆழ்ந்திருந்த இளைஞன், தன் நாயகன் நாற்பதாம் படியை எட்டிவிட்டதாக என்னிடம் பெருமையோடு சொன்னான். ஃபைனல் ஃபான்டஸி என்னும் ஜப்பானிய விளையாட்டு வரிசையில், 1987இல் வெளிவந்த முதற்பாகம் போர்களில் ஈட்டிய அனுபவப் புள்ளிகளைத் திரட்டி நாயகனைப் படியேற்ற, மறு வருஷத்து இரண்டாம் பாகமோ அக்கணக்கை ஒதுக்கிவிட்டு, வாளெடுத்தவனுக்கு வாளும் மந்திரம் ஜபித்தவனுக்கு மந்திரமும் பிரயோகத்தாலேயே விருத்தியாகும் என்று விதித்தது.

தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோல் இவ்விரு நியாயங்களையும் அறிந்ததில்லை. முப்பது வருஷம் கொழுந்தெடுத்துத் தேர்ந்த விரல்களுக்கும் அன்றன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாட்கூலிதான். நிறை குறைந்தால் அரைப்பேர். நேற்றைய அனுபவம் இன்றைய தராசில் ஏறாது. ஆள்கட்டி வந்தவன் சில்லறைக் கங்காணியாகவும், அத்தகையோர் பலரைத் தன்கீழ் அடக்கியவன் பெரிய கங்காணியாகவும் உயர்ந்த அக்காலத்தில், வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கிடைத்த காசே, அதாவது பிறர் வியர்வையே, அவர்களுக்குப் புள்ளியாயிற்று. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’ 1921இல் சட்டத்தால் ஒழிந்தது, ஏணி ஒழியவில்லை. கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை, கண்டக்டர், சின்னத்துரை, பெரியதுரை. பெண்கள் நிறைந்த மலையிலும் மேற்பார்வை நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது விசித்திரந்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், இடுப்புப் படங்கை அவிழ்த்தபடி அவன் தாய் வந்தார்.

“மழை விடலயேடா, இன்னைக்கு அரைப்பேருதான்.”