காட்டு வள்ளி வேலியோரம் வந்த வரலாறு

வள்ளிக்கொடி மழை விழுந்ததும் துளிர்க்கும். பக்கத்து மரத்தைச் சுற்றி ஏறும். பனிக்காலத்தில் இலை பழுத்து உதிரும். அதற்குள் மாவுச்சத்தெல்லாம் மண்ணுக்கடியில் கிழங்காகச் சேர்ந்துவிடும். லின்னேயஸ் 1753-இல் இக்கொடிகளை டயஸ்கோரியா என்ற பேரினத்தில் வைத்தார். தமிழகத்து மலைவாசிகள் அதற்கு வெகு காலம் முன்பே கவலை, நூரை, பெருவள்ளி, சிறுவள்ளி என்று கொடியையும் கிழங்கையும் பார்த்தே பிரித்தறிந்திருந்தார்கள்.

இக்கிழங்கின் பழைய சாட்சி புறநானூற்றின் 109-ஆம் பாட்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அம்மலை தரும் விளைவு நான்கு என்கிறார் கபிலர்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இங்கே கிழங்கு ஏழையின் பசிக்குரியதாக இல்லை, முற்றுகையைத் தாங்கும் மலையின் பலமாக இருக்கிறது. பிற்கால இலக்கியத்தில் அதற்கு இந்த மதிப்பு அரிது.

முருகன் மணந்த வள்ளி, கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்பது கந்தபுராணக் கதை. அது நடந்த இடமாகக் காட்டப்படும் வள்ளிமலை, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. குழந்தை கிடக்கும் அளவுக்குக் குழி என்பது மிகையல்ல. காட்டு வகைகள் சிலவற்றின் கிழங்கு இடுப்பளவு ஆழத்துக்கும் கீழே இறங்கும். கடப்பாரையால் நேராகக் குத்தினால் முறிந்துபோகும். ஓரமாக மண்ணைப் பறித்து, கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். எடுத்தபின் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மீண்டும் குழியிலிட்டு மண் மூடினால் அடுத்த மழைக்கு அது துளிர்க்கும். வேளாண்மைக்கும் சேகரிப்புக்கும் நடுவே நிற்கும் பழக்கம் இது. அந்தத் தலையை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து நட்டதே வள்ளிச் சாகுபடியின் தொடக்கம் என்று கொள்வதில் தவறிருக்காது.

எல்லா வள்ளியும் உடனே உண்ணத் தக்கதல்ல. சில காட்டுக் கிழங்குகளில் டயஸ்கோரின் என்னும் நஞ்சு உண்டு. அவற்றை மெல்லியதாகச் சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்த பிறகே உண்பார்கள். 1876–78 தாது வருடப் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் வாட்டியது. அதுபோன்ற காலங்களில் காட்டுக் கிழங்கும் கீரையும் தெரிந்தவருக்குப் பிழைக்க ஒரு வழி இருந்தது.

அதே வட ஆர்க்காட்டில், வந்தவாசிக்குப் பக்கத்துத் தேசூர், ஆரணிச் சமவெளியில் வள்ளி வயற்பயிராக வேரூன்றவில்லை. ஏரிப்பாசன நிலம் நெல்லுக்குப் போயிற்று. மானாவாரி மேட்டை இருபதாம் நூற்றாண்டில் மணிலாக் கடலை பிடித்துக்கொண்டது. ஒன்பது மாதம் நிலத்தில் கிடந்து, கொழுகொம்பும் கேட்கும் பயிருக்கு வேலியோரமும் கிணற்றடியுமே மிச்சம். போதாக்குறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் சந்தையோடு பெயரையும் எடுத்துக்கொண்டன. வட மாவட்டங்களில் வெறுமனே வள்ளிக்கிழங்கு என்று கேட்டால் இன்று கையில் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரைவள்ளிதான்.

மழை மிகுந்த தெற்கில் நிலைமை வேறு. குமரி மாவட்டத்தில் பெருவள்ளி, காச்சில் என்ற பெயரில் தோட்டப்பயிர். நெல்லைப் பக்கம் பொங்கல் படையலில் கிழங்கு வகைகள் இல்லாமல் இருக்காது. யாழ்ப்பாணத்தில் ஊதா நிற இராசவள்ளியைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் களியாகக் கிண்டுகிறார்கள். நடவு எங்கும் ஏறக்குறைய ஒன்றே: கால் கிலோ அளவுள்ள துண்டுகளைச் சாணக் கரைசலில் தோய்த்து உலர்த்தி, கோடையில் குழியிட்டு நட்டு, முளை வந்ததும் கொம்பு ஊன்றுவார்கள். பெருவள்ளி வலப்பக்கமாகவும் சிறுவள்ளி இடப்பக்கமாகவும் சுற்றி ஏறும். கொடியைத் திருப்பிச் சுற்றிவிட்டால் நழுவி வந்துவிடும்.

1963-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், பெருவள்ளியில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, சிறுவள்ளியில் ஸ்ரீ லதா போன்ற ரகங்களை வெளியிட்டது. கொம்பே வேண்டாத ஸ்ரீ தன்யா என்னும் குட்டை ரகமும் அங்கிருந்தே வந்தது. ஆனால் அது ஆப்பிரிக்க வெள்ளை வள்ளியின் வழி. உள்ளூர்க் கவலைக்கும் நூரைக்கும் இன்னும் மரம்தான் கொழுகொம்பு.