நியூவார்க் ஈகிள்ஸ் அணிக்கு என்ன நடந்தது?

ஜேக்கி ரொபின்சனின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947 ஏப்ரல் 15ஆம் திகதி புரூக்ளின் டொஜர்ஸ் அணிக்காக இறங்கி, அமெரிக்க பேஸ்போலின் மேஜர் லீக்கில் இருந்த நிறத்தடையை உடைத்தவர். வகுப்பில் இந்தக் கதையை நானும் உற்சாகமாகச் சொல்வதுண்டு. போன கிழமை ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அதுக்கு முதல் அவர் எங்க விளையாடினவர்?"

பதில் தேடி வாசிக்கப் போனபோதுதான், இவ்வளவு காலமும் நான் சொன்னது பாதிக் கதை என்று விளங்கியது. (பேஸ்போல் தெரியாதவர்கள் நம்மூர் எல்லேயை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அது போதும்.)

எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு தடை, கறுப்பின வீரர்களை அரை நூற்றாண்டுக்கு மேலாக மேஜர் லீக்குக்கு வெளியே வைத்திருந்தது. அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1920இல் ரூப் ஃபொஸ்டர் என்பவரின் முயற்சியால் கன்சாஸ் சிட்டியில் தங்களுக்கென்று ஒரு லீக்கை அமைத்தார்கள். அன்றைய வழக்கில் அதன் பெயர் நீக்ரோ நெஷனல் லீக். இடையில் அது நொடித்துப்போய், 1933இல் மீண்டும் எழுந்தது. 1943இல் சிக்காகோவில் நடந்த கிழக்கு–மேற்கு நட்சத்திரப் போட்டியைப் பார்க்க 50,000 பேருக்கு மேல் திரண்டார்கள்.

நியூயோர்க்குக்குப் பக்கத்தில் உள்ள நியூவார்க் நகரின் ஈகிள்ஸ் அணி ஏப் மென்லி, எஃபா மென்லி தம்பதியினருடையது. கணக்கு, சம்பளம், ஒப்பந்தம், பயண ஏற்பாடு எல்லாவற்றையும் பார்த்தவர் எஃபா. கறுப்பினத்தவர்களைக் கும்பல்கள் கொலை செய்வதற்கு எதிராக மைதானத்திலேயே ஒரு நாளை நடத்தியவரும் அவர்தான். 1946இல் ஈகிள்ஸ், கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸை ஏழாவது போட்டியில் வென்று சம்பியனானது. அந்த வருடம் அவர்களின் போட்டிகளுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 120,000 பேர்.

மாணவியின் கேள்விக்குப் பதிலும் அந்த மொனார்க்ஸ்தான். 1945இல் அங்கே மாதம் 400 டொலருக்கு விளையாடிக்கொண்டிருந்த ரொபின்சனை, டொஜர்ஸின் பிராஞ்ச் ரிக்கி 600 டொலர் சம்பளத்துக்கும் 3,500 டொலர் முன்பணத்துக்கும் ஒப்பந்தம் செய்தார். மொனார்க்ஸுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. இவர்களுடையது ஒழுங்கான லீக்கே அல்ல என்பது ரிக்கியின் வாதம். ஈகிள்ஸிலிருந்து பந்து வீச்சாளர் டொன் நியூகம்பையும் அதே மாதிரித்தான் கொண்டுபோனார்.

எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை. கேட்டால், சொந்தப் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்ற பழி வரும். எஃபா மட்டும் வாய் மூடவில்லை. 1947 ஜூலையில் லாரி டோபியைக் கேட்டு கிளீவ்லாந்து அணி வந்தது. வெள்ளைக்கார வீரனென்றால் இதைவிடப் பல மடங்கு தந்திருப்பீர்களே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, 15,000 டொலர் வாங்கித்தான் டோபியை விட்டார்.

ஆனால் ரசிகர்களை யார் பிடித்து வைப்பது? ஆற்றைத் தாண்டினால் புரூக்ளின், அங்கே ரொபின்சன். 1947இல் ஈகிள்ஸ் பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 57,000 பேர். அடுத்த வருடம் 35,000 பேர். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நானாக இருந்தாலும் புரூக்ளினுக்குத்தான் போயிருப்பேன்.

1948 முடிவில் நீக்ரோ நெஷனல் லீக் கலைந்தது. ஈகிள்ஸ் விற்கப்பட்டு ஹூஸ்டனுக்குப் போனது.

என்னை அதிகம் உறுத்தியது இதுதான். மேஜர் லீக் வீரர்களை எடுத்துக்கொண்டது, அதுவும் மிக மெதுவாக: 1947 முழுவதிலும் ஐந்து பேர். பொஸ்டன் ரெட் சொக்ஸ் தனது முதல் கறுப்பின வீரரை இறக்கியது 1959இல். ஒரு நீக்ரோ லீக் அணியைக்கூட அவர்கள் அணியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த அணிகளை நடத்திய முகாமையாளர்களுக்கும் நடுவர்களுக்கும் இடம் இருக்கவில்லை. மேஜர் லீக்கில் முதல் கறுப்பின நடுவர் வந்தது 1966இல், முதல் கறுப்பின முகாமையாளர் 1975இல்.

எஃபா 1981இல் காலமானார். பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் 2006இல் சேர்க்கப்பட்டது. அங்கே இடம்பிடித்த முதல் பெண் அவர்தான்.