செயற்கைக்கோள் தொகுதிகளும் தரைசார் வானியலும்

செயற்கைக்கோள் தொகுதிகளுக்கும் தரைசார் வானியலுக்கும் இடையிலான முரண்பாடு என்பது, புவியின் தாழ் சுற்றுப்பாதையில் ஆயிரக்கணக்கில் ஏவப்பட்டு வரும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் தரையிலுள்ள தொலைநோக்கிகளின் பணிக்கு ஏற்படுத்தும் இடையூறு பற்றிய சிக்கலைக் குறிக்கும். இச்செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியைத் தெறிப்பதால் வானியல் ஒளிப்படங்களில் நீண்ட வெண்கோடுகளாகப் பதிகின்றன. அவை வெளியிடும் வானொலி அலைகள், விண்மீன்களிலிருந்து வரும் மிக நலிந்த அலைகளை மறைக்கின்றன. காவலூரிலும் உதகமண்டலத்திலும் தொலைநோக்கிகளையும், குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளப் பணியையும் கொண்டுள்ள தமிழ்நாடு இச்சிக்கலின் இரு பக்கங்களிலும் நிற்கிறது.

பின்னணி

தொடக்ககாலத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், புவியோடு ஒத்துச் சுழலும் பாதையில் நிறுத்தப்பட்டன. கரிசல் உழவர் வானொலியில் கேட்கும் மழை அறிவிப்புக்கு உதவும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்களும் அவ்வுயரத்தில் உள்ளவையே. அவை எண்ணிக்கையில் குறைவு. வெறுங்கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. 1997-98 ஆண்டுகளில் ஏவப்பட்ட இரிடியம் தொகுதி தாழ்வான பாதையில் 66 செயற்கைக்கோள்களைக் கொண்டிருந்தது. அவற்றின் அலைவாங்கித் தகடுகள் சில நொடிகளுக்குப் பளிச்சிட்டதை வானியல் ஆர்வலர்கள் ஒரு வேடிக்கையாகவே கண்டுகளித்தனர்.

2019 மே மாதத்தில் இசுபேசு எக்சு நிறுவனம் தனது இசுட்டார்லிங்க் தொகுதியின் முதல் 60 செயற்கைக்கோள்களை ஒரே ஏவலில் அனுப்பியபோது நிலைமை மாறியது. அவ்வாண்டில் இயங்கிக்கொண்டிருந்த எல்லா நாடுகளின் செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 மட்டுமே. 2025இல் இசுட்டார்லிங்க் மட்டும் 8,000ஐத் தாண்டிவிட்டது.

நிழலும் நேரமும்

ஒரு செயற்கைக்கோள் இரவில் தெரிய வேண்டுமானால், பார்ப்பவர் இருளிலும் செயற்கைக்கோள் வெயிலிலும் இருத்தல் வேண்டும். ஆகவே இடையூறு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது செயற்கைக்கோளின் உயரத்தையும் பார்ப்பவரின் நில அகலாங்கையும் பொறுத்தது.

எடுத்துக்காட்டாக, தூத்துக்குடி மாவட்டத்தில் மதுரை-தூத்துக்குடி நெடுஞ்சாலையில் உள்ள எப்போதும்வென்றான் என்னும் ஊரைக் கொள்ளலாம். பருத்தியும் பயறு வகைகளும் மானாவாரியாக விளையும் இக்கரிசல் நிலத்தில் அடிவானத்தை மறைக்க மலையோ காடோ இல்லை. இவ்வூர் ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால் சூரியன் இங்கு அடிவானத்துக்குக் கீழே ஏறக்குறையச் செங்குத்தாக, மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் இறங்குகிறது. 550 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேல் செல்லும் செயற்கைக்கோள், சூரியன் 23 பாகை தாழ்ந்ததும் புவியின் நிழலுக்குள் போய்விடும். அதாவது சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் வரையே அது தெரியும். ஒன்வெப் தொகுதியைப் போல 1,200 கி.மீ. உயரத்தில் செல்பவற்றுக்கு இக்கணக்கு 33 பாகை, ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். விடியலுக்கு முன்னும் இதே அளவு நேரம் உண்டு. நள்ளிரவு வானம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இலண்டன் போன்ற வட நகரங்களில் நிலை வேறு. 50 பாகை அகலாங்கில் கோடைக்கால நள்ளிரவிலும் சூரியன் 17 பாகைக்கு மேல் தாழ்வதில்லை. அங்கே தலைக்கு மேல் வரும் செயற்கைக்கோள்கள் இரவு முழுவதும் ஒளிரும். மேலும் இசுட்டார்லிங்க் பாதைகளில் பெரும்பாலானவை 53 பாகை சாய்வுடையவையாதலால் அவ்வகலாங்கை ஒட்டியே அவை நெருக்கமாகக் கூடுகின்றன.

இதனால் தென்தமிழகத்துக்கு இழப்பே இல்லை என்று கொள்வது தவறு. அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் உள்ள நேரமே சூரியனுக்கு அண்மையில் திரியும் வால்வெள்ளிகளையும் சிறுகோள்களையும் தேடுவதற்குரிய நேரம். தேட வேண்டிய இடமும் அடிவானத்தை ஒட்டியது. அங்கே செயற்கைக்கோள்கள் மேற்கூறிய கணக்கைவிடக் கூடுதல் நேரம் ஒளிர்கின்றன. கலிபோர்னியாவின் பலோமார் வான் ஆய்வகத்திலுள்ள சுவிக்கி ஆய்வுக் கருவி எடுத்த அந்திநேரப் படங்களில், 2019 இறுதியில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவானவற்றிலேயே இசுட்டார்லிங்க் கோடுகள் இருந்தன. 2021 ஆகத்து மாதத்தில் அது 18 விழுக்காடாயிற்று.

காவலூர்

திருப்பத்தூர் மாவட்டம் சவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் உள்ள வைணு பாப்பு வான் ஆய்வகம், பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் ஒருங்கே பார்க்க முடிவது இவ்விடத்தின் சிறப்பு. இங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

சிறுகோள்களைத் தேடுவதற்காகக் 'கல்கி' என்னும் திட்டம் இங்கு நடத்தப்பட்டது. அதில் 1988இல் இரா. இராசமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது. சிறுகோள் என்பது விண்மீன்களுக்கிடையே மெல்ல நகரும் ஒரு புள்ளி அல்லது குறுங்கோடு. படத்தில் கோடு தேடும் பணிக்குக் குறுக்கே வேறு கோடுகள் பாய்வது எத்தகைய தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏவும் நாடாக இந்தியா

காவலூரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் சிரீஅரிக்கோட்டா உள்ளது. அங்கிருந்து எல்.வி.எம்.3 ஏவூர்தி 2022 அக்டோபர் 23, 2023 மார்ச் 26 ஆகிய நாட்களில் 36 வீதம் மொத்தம் 72 ஒன்வெப் செயற்கைக்கோள்களைச் செலுத்தியது. 2025 டிசம்பர் 24 அன்று அதே வகை ஏவூர்தி, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் புளூபேர்டு செயற்கைக்கோளைக் கொண்டுசென்றது. ஏறத்தாழ 220 சதுர மீட்டர் பரப்புக்கு விரியும் அலைவாங்கியை உடையது அது. இதன் முன்னோடியும் 64 சதுர மீட்டர் மட்டுமே கொண்டதுமான புளூவாக்கர் 3, வானின் ஒளிமிகுந்த பத்து விண்மீன்களுக்கு நிகராக ஒளிர்ந்தது 2022இல் பதிவாகியுள்ளது.

எப்போதும்வென்றானுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் குலசேகரப்பட்டினத்தில் இசுரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே ஏவ முடிவதால் எரிபொருள் மிச்சமாகும். 500 கிலோகிராம் வரையான சுமையை 500 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுசெல்லும் எசு.எசு.எல்.வி. ஏவூர்திகளுக்கென இத்தளம் திட்டமிடப்பட்டது. செல்பேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிக் கடலுக்குச் செல்லும் இக்கரை மீனவர்க்குத் தாழ்பாதைச் செயற்கைக்கோள் தொடர்பு உயிர்காக்கும் வசதியாக அமையலாம் என்பதையும் இங்கு மறக்கலாகாது. அவ்வசதிக்கு எத்தனை செயற்கைக்கோள்கள், எவ்வளவு பொலிவுடன் தேவை என்பதே வானியலாளர் எழுப்பும் கேள்வி.

வானொலி வானியல்

உதகமண்டலத்துக்கு அருகில் முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி 1970 முதல் 326.5 மெகாஏர்ட்சில் இயங்குகிறது. வானொலி வானியலுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைக்குள் இது அடங்கும். ஆயினும் ஒதுக்கீடு மட்டும் போதுமானதன்று. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோபார் தொலைநோக்கி ஆராய்ந்த 68 இசுட்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 47, அவற்றின் உள் மின்னணுக் கருவிகளிலிருந்து 110 முதல் 188 மெகாஏர்ட்சு வரையில் திட்டமிடப்படாத அலைகளைக் கசியவிட்டதாக 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. புனே அருகிலுள்ள பெரும மீட்டரலைத் தொலைநோக்கியின் ஓர் அலைவரிசை இப்பகுதியின் மீது படிகிறது.

தணிப்பு முயற்சிகளும் சட்டநிலையும்

பொலிவெண் கூடக்கூட ஒளி குறையும். வெறுங்கண் எல்லை ஏறத்தாழ 6. செயற்கைக்கோள்கள் 7ஆம் பொலிவெண்ணைவிட மங்கலாக இருக்க வேண்டும் என 2020ஆம் ஆண்டுப் பயிலரங்கு ஒன்று பரிந்துரைத்தது. இசுபேசு எக்சு கறுப்புப் பூச்சு, வெயில் மறைப்பு, ஒளியை வேறு திசையில் திருப்பும் படலம் ஆகியவற்றை அடுத்தடுத்து முயன்றது. பொலிவு குறைந்தது உண்மை. எண்ணிக்கை அதைவிட விரைவாகக் கூடியது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2022இல் இதற்கெனத் தனி மையம் ஒன்றை நிறுவியது.

தரையிலுள்ள விளக்கொளியே சாதாரணமாக வானம் பார்ப்பவருக்குப் பெருங்கேடு; நெடுஞ்சாலை விளக்குகள் பால்வழியை மறைக்கும் அளவுக்குச் செயற்கைக்கோள்கள் மறைப்பதில்லை. ஆனால் விளக்குக்கு மூடி போடலாம். லடாக்கின் ஆன்லே வான் ஆய்வகத்தைச் சுற்றி 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இருள்வான் காப்பகம் அதைத்தான் செய்கிறது. அக்காப்பகத்தின் மேலே பறப்பவற்றை எந்த மாவட்ட நிருவாகமும் கட்டுப்படுத்த முடியாது. 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையில் செயற்கைக்கோளின் பொலிவு பற்றிய விதி இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வானொலி அலைகளை மட்டுமே நெறிப்படுத்துகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளிக் குழு, இருண்ட அமைதியான வானம் என்னும் பொருளை 2025 முதல் 2029 வரையிலான தனது நிகழ்ச்சிநிரலில் சேர்த்துள்ளது.